பிள்ளைகள் எழுதிய பதினேழு கடிதங்கள்

(சங்கத்தின் வெள்ளிவிழாவில், இளைஞர் அரங்கில், அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

விழாக் குழுவினர் எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு ‘மாணவரிடையே நன்றியுணர்வை வளர்ப்பது எவ்வாறு?’ என்பதாகும். நான்காண்டுகளுக்கு முன்பு இத்தலைப்பைக் கொடுத்திருந்தால் ஒரு மணி நேரம் தடையின்றிப் பேசியிருப்பேன். தலைமையாசிரியர்களுக்கு இவ்வகைத் தலைப்புகள் மனப்பாடம். இன்று அவ்வாறு பேச இயலவில்லை. மாலைநேரப் படிப்பகத்தில் நான் கற்பித்த பிள்ளைகள் இப்பொருளில் எனக்குச் சில பாடங்களைக் கற்பித்துவிட்டார்கள். ஆகவே, தலைவர் அவர்களின் அனுமதியோடு, தலைப்பைச் சற்றே திருப்பிப் போட்டுக்கொண்டு, நான் கற்றதைச் சொல்லி அமைகின்றேன். இடையில் ஒரு கோரிக்கையும் உண்டு. அது பெரியோர் சிலருக்குக் கசக்கலாம், பொறுத்தருள வேண்டுகிறேன்.

முதலில் நன்றி என்னும் சொல்லைப் பார்ப்போம். அதற்கு நன்மை என்பதே பழம்பொருள். வள்ளுவர் தம் நூலின் 11-ஆம் அதிகாரத்திற்குச் ‘செய்ந்நன்றி அறிதல்’ என்று பெயரிட்டார். பிறர் செய்த நன்மையை அறிவது என்று பொருள். அறிதல் என்றாரேயன்றிச் சொல்லுதல் என்றாரில்லை. மேடையேறிச் சொல்லுதல் என்று ஒருபோதும் சொல்லவில்லை. ஆனால் நம் தெருக்களுக்கு இச்சொல் வந்த வழி வேறு. என் தந்தையார் கரிசல் காட்டில் கூலிக்கு உழைத்தவர். பருத்தியும் கம்பும் விளைந்த காலத்தில், களத்து மேட்டில் அவருக்கு அளக்கப்பட்ட தானியம் அவர் உழைப்புக்கு உரிய கூலி. ஆயினும் அதை அவர் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, குனிந்து நின்றுதான் வாங்க வேண்டியிருந்தது. தீபாவளிக்குப் பெரிய வீட்டில் கிழிந்த சட்டை ஒன்று கொடுப்பார்கள். அதற்கு ஆண்டு முழுவதும் நன்றி காட்ட வேண்டும். அழைத்த நேரத்திற்குச் செல்லாவிட்டால் ‘நன்றி கெட்டவன்’ என்னும் பட்டம் உடனே கிடைக்கும். நன்றிக்கு நாயை உவமை காட்டிய சமூகம் இது. மனிதனிடம் அது எதிர்பார்த்தது என்ன என்பதை அந்த உவமையே காட்டிவிடுகிறது.

எனவேதான் நம் இளைஞர்கள் நன்றி என்ற சொல்லைக் கேட்டதும் முகம் சுளிக்கிறார்கள். அவர்களைக் குறைகூற நான் ஒருப்படேன். நான் கல்லூரியில் பெற்ற கல்வி உதவித்தொகை யாரோ ஒருவர் மனமிரங்கிப் போட்ட பிச்சை அன்று. அண்ணல் அம்பேத்கர் 1942-இல் வைஸ்ராயிடம் நம் மக்களின் குறைகளை மனுவாக எழுதிக் கொடுத்து வாதாடினார். 1944 முதல் அவ்வுதவித்தொகை நடைமுறைக்கு வந்தது. போராடிப் பெற்ற உரிமை அது. நம் பிள்ளை பள்ளியில் உண்ணும் மதிய உணவும் அத்தகையதே. இவ்விருதுநகரில் 1903-இல் பிறந்து, ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்ட பெருந்தலைவர் காமராசர், 1956-இல் அதனை மாநிலம் எங்கும் பரவச் செய்தார்; 1982-இல் அது சத்துணவாக விரிந்தது; 2013-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் அதனைக் குழந்தையின் சட்ட உரிமையாகவே ஆக்கிவிட்டது. உரிமையைப் பெறுகிறவன் குனிய வேண்டியதில்லை. இதை நான் வகுப்பிலும் சொல்வதுண்டு.

சொல்வதுண்டே தவிர, நடந்துகொண்டேனா என்பது வேறு கேள்வி.

2020 மார்ச்சில் பெருந்தொற்றினால் பள்ளிகள் மூடப்பட்டதும், நம் சங்கத்து இளைஞர்கள் சிலரும் நானும் சேர்ந்து காலனி சமுதாயக் கூடத்தில் மாலைப் படிப்பகம் ஒன்றைத் தொடங்கியது உங்களுக்குத் தெரியும். கல்வித் தொலைக்காட்சி பாடம் நடத்தியது. பார்க்கத்தான் பல வீடுகளில் வசதியில்லை. ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் 2021 நவம்பர் முதல் நாளில்தான் திறந்தன. பட்டாசு ஆலைகளோ அதற்குப் பல மாதம் முன்பே திறந்துவிட்டன. பள்ளிக்கதவு மூடியும் ஆலைக்கதவு திறந்தும் இருந்த அந்த இடைவெளியில் எத்தனை பிள்ளைகள் சரம் பின்னப் போனார்கள், குழாய் சுருட்டப் போனார்கள் என்பதை நீங்கள் அறிவீர்கள். பின்னர் அரசே ‘இல்லம் தேடிக் கல்வி’ என்று, 2021 அக்டோபர் 27-இல், மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகையில் தன்னார்வலர்களை அமர்த்தியது. நம் சங்கத்துப் பெண்கள் இருவர் அதில் சேர்ந்தனர். எங்கள் படிப்பகமும் ஓயாமல் நடந்து வருகிறது.

அக்காலத்தில் எனக்கு ஒரு பெருமிதம் இருந்தது. பகலெல்லாம் பள்ளியில் உழைத்துவிட்டு, மாலையில் ஊதியம் வாங்காமல் வந்து உட்காருகிறோமே என்கிற பெருமிதம். ஆண்டுவிழாவில் நோட்டுப் புத்தகம் வழங்கும் நன்கொடையாளர்களுக்கு முன் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, ‘எங்களுக்கு உதவிய ஐயா அவர்களுக்கு எங்கள் இதயங்கனிந்த நன்றி’ என்று ஒரே குரலில் சொல்லப் பழக்கியவனும் நானே. வாக்கியத்தை நானே எழுதிக் கொடுத்தேன். ‘இதயங்கனிந்த’ என்பதை ஒரு சிறுவன் ‘இதயம் கனத்த’ என்று சொன்னான், எல்லாரும் சிரித்தோம். அவன் சொன்னதே சரியோ என்று இப்போது தோன்றுகிறது.

அவ்விழா முடிந்த ஆறாம் மாதம் ஒரு மாணவன் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி பெற்றான். கணக்கில் நூற்றுக்கு 35 வாங்குவதே அரிதென்றிருந்தவன் 71 வாங்கினான். அவனுக்காக இரவு ஒன்பது மணி வரை அமர்ந்திருக்கிறேன். முடிவு வந்த அன்று அவன் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. இனிப்பு வேண்டாம், ஒரு சொல் வேண்டாமா? நான் வீட்டிற்குச் சென்று என் மனைவியிடம், “நன்றி கெட்ட பயல்” என்றேன். சொன்ன மறுகணமே அது யாருடைய குரல் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. என் தந்தையைப் பார்த்துக் களத்து மேட்டில் ஒலித்த குரல்தான் அது. தெரிந்தும் என் மனம் ஆறவில்லை என்பதையும் ஒளிக்காமல் சொல்கின்றேன்.

சில மாதம் கழித்து அவனைச் சாத்தூர்ப் பேருந்து நிலையத்தில் கண்டேன். பாலிடெக்னிக்கில் சேர்ந்திருந்தான். விடுமுறை முழுவதும் லாரியில் பெட்டி ஏற்றிக் கட்டணத்தைச் சேர்த்திருக்கிறான். “ஏம்ப்பா, ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகக்கூடாதா?” என்றேன். தலையைக் குனிந்துகொண்டான். பிறகு, “சார், வந்தா மேடையில ஏத்திப் பேசச் சொல்லுவீங்கன்னு பயமா இருந்துச்சு” என்றான். அவ்வளவுதான் சொன்னான். பேருந்து வந்தது, ஏறிப் போய்விட்டான். பின்னர்தான், தன் தெருவில் இரண்டு சிறுவர்களுக்கு அவன் இரவில் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறான் என்று வேறொருவர் வாயிலாகக் கேள்விப்பட்டேன். நான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்த அதே முறையில், விரலால் தரையில் கோடு கிழித்து.

இனிக் கடிதங்களுக்கு வருகின்றேன்.

2023-ஆம் ஆண்டு ஒரு மழைநாள் மாலை. மின்சாரம் போய்ப்போய் வந்துகொண்டிருந்தது. ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை பதினேழு பிள்ளைகள் இருந்தனர். கடிதம் எழுதும் பயிற்சியாக, ‘உனக்கு உதவிய ஒருவருக்கு நன்றிக் கடிதம் எழுதுக’ என்று கரும்பலகையில் எழுதினேன். வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன்: பாதிக் கடிதமேனும் என் பெயருக்கு வரும் என்று உள்ளூர எண்ணியிருந்தேன்.

என் பெயருக்கு இரண்டு வந்தன. இரண்டும் ஒரே கடிதம். ஒருவன் மற்றவனைப் பார்த்து எழுதியது.

மற்றவை யாருக்கு? நான்கு கடிதங்கள் சத்துணவு ஆயாவுக்கு. அவருள் ஒருவன், முட்டை சிறிதாக இருக்கும் நாளில் ஆயா தனக்குக் குழம்பு கூட ஊற்றுவார் என்று எழுதியிருந்தான். உணவுத் திட்டம் கொண்டுவந்த தலைவர் எவர் பெயரும் இல்லை. கரண்டி பிடித்த கையைத்தான் பிள்ளைகள் அறிந்திருந்தனர். ஒரு கடிதம் தண்ணீர்த் தொட்டி திறந்துவிடுபவருக்கு. ஒன்று, நிறுத்தம் இல்லாத காலனி முகப்பில் பேருந்தை நிறுத்தும் நடத்துநருக்கு. அவர் பெயர் தெரியாததால் ‘மீசை வைத்த கண்டக்டர் மாமா அவர்களுக்கு’ என்று விளித்திருந்தான். ஒன்று, இறந்துபோன பாட்டிக்கு. முகவரி எழுதும் இடத்தில் சுடுகாட்டுப் பாதை என்று எழுதியிருந்தது. அதற்கு நான் மதிப்பெண் போடவில்லை, போட இயலவில்லை. பிறவற்றைப் பற்றி விரிக்கப் புகின் நேரம் போதாது. ஒன்றே ஒன்றை மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

அது ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி தன் தமக்கைக்கு எழுதியது. தமக்கை 2020-இல் பத்தாம் வகுப்பு. அவ்வாண்டு பொதுத்தேர்வு நடைபெறாமல் அனைவரும் தேர்ச்சி என்று அறிவிக்கப்பட்டது அல்லவா? அந்தத் தேர்ச்சிச் சான்றிதழைப் பெட்டியில் வைத்துவிட்டு, பட்டாசு வேலைக்குப் போனவள் அவள். கடிதத்தில் பெரிய சொற்கள் எவையும் இல்லை. ‘வேலை விட்டு வந்ததும் உன் கையெல்லாம் வெள்ளியாக இருக்கும். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. எனக்குச் சோறு பிசைந்து ஊட்டுவாயே, அதை நிறுத்திவிட்டாய். ஏன் என்று கேட்டபோது நீ பெரிய பிள்ளையாகிவிட்டாய் என்று சொன்னாய். பிறகு கரண்டியால் போட்டாய். மருந்து சோற்றில் ஒட்டும் என்றுதான் என்று எனக்கு இப்போது தெரியும்.’ இவ்வளவே அதன் சாரம். வெள்ளி என்று அவள் எழுதியது அலுமினியப் பொடியை. நம் பகுதியில் அதை அறியாதார் யாரும் இல்லை. பேருந்தில் கம்பியைப் பிடித்து நிற்கும் கைகளில் நாள்தோறும் காண்கின்றோம்.

அந்த நோட்டை மூடிவிட்டேன். பிள்ளைகளை அனுப்பிய பிறகும் நான் கூடத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஏனெனில் எனக்கும் ஒரு தமக்கை இருக்கிறார்.

அவர் என்னைவிட நான்கு வயது மூத்தவர். 1976-இல், பதினோராவது வயதில், ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டுத் தீப்பெட்டி ஆபீசுக்கு அனுப்பப்பட்டார். விடியுமுன் ஊர் முனையில் வண்டி வந்து நிற்கும். அம்மா அவரை எழுப்பும் ஒலியைப் போர்வைக்குள் படுத்தபடி நான் கேட்டிருக்கிறேன். கேட்டுவிட்டு மறுபடி உறங்கியிருக்கிறேன். குச்சிகளை ஒன்றொன்றாகச் சட்டத்தின் பள்ளங்களில் வைத்து, சட்டங்களை அடுக்கி இறுக்கினால் ஒரு கட்டை. கட்டைக்கு இவ்வளவு பைசா என்று கூலி. இரவு வீட்டிற்கு வந்த பிறகும் ஓய்வில்லை. சிம்னி விளக்கின் ஒரு புறம் நான் படிக்க, மறுபுறம் அவர் பெட்டி ஒட்டுவார். குரோஸ் கணக்கில், அதாவது 144 பெட்டிக்கு ஒரு கணக்காக, கூலி. பசைக்காகக் காய்ச்சிய மாவின் மணம் இன்றும் எனக்குப் பாடப்புத்தகத்தின் மணமாகவே தோன்றுகிறது.

இத்தொழில் நம் மண்ணுக்கு வந்த கதையை இளைஞர்கள் அறிந்திருக்க வேண்டும். சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920-களின் தொடக்கத்தில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். தீப்பெட்டியிலிருந்து பட்டாசும், அவற்றின் மேலுறைத் தாள்களுக்காக அச்சுத் தொழிலும் பெருகின. மழை பொய்த்த கரிசல் நிலத்தில் இத்தொழில் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போட்டது என்பதை மறுக்க இயலாது. அச்சோற்றில் பிள்ளைகளின் கைகள் எத்தனை கலந்திருந்தன என்பதையும் மறுக்க இயலாது. 1983-இல் ஆங்கில வார இதழ் ஒன்றில் ஸ்மிது கோத்தாரி என்பவர் சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் பற்றி எழுதிய கட்டுரை நாடெங்கும் பேசப்பட்டது. 1986-இல் சட்டம் வந்தது. தீப்பெட்டி, பட்டாசு உற்பத்தியில் பதினான்கு வயதுக்குட்பட்டோரை அமர்த்தலாகாது என்றது. ஆனால் குடும்பத்தோடு சேர்ந்து வீட்டில் செய்யும் வேலைக்கு அச்சட்டம் பொருந்தாது என்று ஒரு விதிவிலக்கும் அதிலேயே இருந்தது. விளைவு என்ன? ஆபீசில் இருந்த பெட்டி ஒட்டும் வேலை திண்ணைக்கு வந்தது. 1988-இல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தின்கீழ்ச் சிறப்புப் பள்ளிகள் தொடங்கின. 1996 டிசம்பர் 10-இல் எம்.சி. மேத்தா வழக்கில் உச்சநீதிமன்றம், அபாயகரமான தொழிலில் அமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி இருபதாயிரம் ரூபாய் கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2010 ஏப்ரலில் கட்டாயக் கல்விச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இவையெல்லாம் பெரிய காரியங்கள். இவற்றால் ஒரு தலைமுறை மீண்டது. ஆனால் என் தமக்கைக்கு அச்சட்டம் பத்தாண்டு தாமதமாக வந்தது. 1986-இல் அவருக்கு வயது இருபத்தொன்று.

என் உதவித்தொகை பற்றி முன்னர்ச் சொன்னேன். உரிமை என்றேன், ஐயமில்லை. ஆனால் அத்தொகை ஆண்டின் இறுதியில்தான் கைக்கு வரும். கட்டணமும் விடுதிப் பணமும் ஜூன் மாதத்திலேயே கேட்பார்கள். ஜூனுக்கும் பிப்ரவரிக்கும் இடையில் இருந்த பள்ளத்தை நிரப்பியது யார்? கட்டை அடுக்கியவர்தான். 1990-இல் நான் பி.ஏ. முடித்த பிறகே அவருக்குத் திருமணம் ஆயிற்று. இருபத்தைந்து வயது வரை ஒரு பெண்ணை வைத்திருப்பதா என்று ஊர் கேட்ட கேள்விகளை அவர் என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

இவை எனக்குத் தெரியாதவை அல்ல. தெரியும். ஆண்டுதோறும் தீபாவளிக்குச் சேலை எடுத்துக் கொடுக்கிறேன். கடன் தீர்ந்தது என்று இருந்தேன். அந்தச் சிறுமியின் கடிதத்தைப் படித்த பிறகுதான், என் தமக்கையின் விரல்களை நான் ஒருநாளும் உற்றுப் பார்த்ததில்லை என்பது உறைத்தது.

அடுத்த ஞாயிறு அந்த நோட்டை எடுத்துக்கொண்டு அவர் ஊருக்குச் சென்றேன். திண்ணையில் அமர்ந்து அக்கடிதத்தைப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். கண்ணீர் விடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது வேறு.

“ஏன் தம்பி, அந்தப் புள்ள இதை அவ அக்காகிட்டக் குடுத்துச்சா?”

“இன்னும் இல்லக்கா. நோட்டுத் திருத்துறதுக்காக என்கிட்ட இருக்கு.”

“அவ அக்காவுக்கு எழுதுனத நீ எதுக்குத் தூக்கிக்கிட்டு அலையுற?”

என்னிடம் விடை இல்லை. பிறகு, உள்ளே எழுந்து போகும்போது, திரும்பிப் பாராமல் சொன்னார்: “எனக்கு யாராச்சும் எழுதியிருந்தாலும் ஒங்கிட்டதான் படிக்கச் சொல்லிக் கேக்கணும்.”

அன்பர்களே! 1990-களின் தொடக்கத்தில் தமிழகமெங்கும் அறிவொளி இயக்கம் எழுந்ததை மூத்தோர் மறந்திருக்கமாட்டீர்கள். வேலைக்குக் காத்திருந்த காலத்தில் நான் அதில் தொண்டனாக இருந்தேன். பக்கத்து ஊரில், தெருவிளக்கின் கீழ், இருபது பெண்களுக்கு எழுத்தறிவித்தேன். அவர்கள் முதன்முதலாகக் கையெழுத்திட்ட நாளில் நானும் கண்ணீர் விட்டேன். எட்டு மைல் தொலைவில் என் தமக்கை இருந்தார். ஐந்தாம் வகுப்பில் கற்ற எழுத்து, கட்டை அடுக்கிய பதினான்கு ஆண்டுகளில் தேய்ந்து போயிருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஊருக்கெல்லாம் எழுத்தறிவித்த இறைவன், தன் புத்தகச் செலவைக் கொடுத்தவரை விட்டுவிட்டான்!

அண்ணல் அம்பேத்கரின் நூல்களை நாம் மேற்கோளுக்காகப் புரட்டுகிறோம். முதற்பக்கத்தைப் பார்ப்பதில்லை. பாகிஸ்தான் பற்றி அவர் 1940-களின் தொடக்கத்தில் எழுதிய பெருநூலை, வறுமையில் தம்மோடு துன்புற்று 1935-இல் மறைந்த தம் துணைவியார் ரமாபாய்க்குப் படைத்தார். சூத்திரர் யார் என்ற 1946-ஆம் ஆண்டு நூலை மகாத்மா பூலேவுக்கும், தீண்டப்படாதோர் பற்றிய 1948-ஆம் ஆண்டு நூலை நந்தனார், ரவிதாசர், சோகாமேளர் ஆகிய மூவருக்கும் படைத்தார். அவர் வெளிநாட்டில் பயில 1913-இல் பரோடா மன்னர் பொருளுதவி செய்தது உண்மை. அதை அவர் மறைத்தவருமல்லர். ஆனால் நான் சொன்ன இந்த முதற்பக்கங்களில் அவர் அறிந்த நன்றி எந்தத் திசையில் சென்றது என்று பாருங்கள். மேலே பார்த்துக் கும்பிடவில்லை. தம்மோடு நடந்தவர்களையும், தமக்கு முன் தனியே நடந்தவர்களையும் நோக்கியே சென்றது. நம் படிப்பகத்துப் பதினேழு பிள்ளைகளுக்கு இச்செய்தி தெரியாது. ஆயினும் அவர்கள் எழுதிய முகவரிகள் ஏறத்தாழ அவ்வகையினவே.

திங்கட்கிழமை நோட்டைச் சிறுமியிடம் திருப்பிக் கொடுத்து, கடிதத்தைத் தமக்கையிடம் சேர்க்கச் சொன்னேன். இரண்டு நாள் கழித்து, “அக்கா என்ன சொன்னாள்?” என்று கேட்டேன். “ஒண்ணும் சொல்லல சார். ரெண்டு எழுத்துப்பிழை இருந்துச்சு, திருத்திக் குடுத்தா” என்றாள். வாங்கிப் பார்த்தேன். சிவப்பு மையால் நான் திருத்திய பக்கம் அது. அவ்விரு பிழைகளையும் நான் கவனிக்கவில்லை. ‘ஒட்டும்’ என்பதை ‘ஓட்டும்’ என்று எழுதியிருந்ததைப் பென்சிலால் வட்டமிட்டிருந்தாள் அந்தப் பெண்.

இங்கேதான் என் கோரிக்கை பிறக்கிறது. பட்டாசு வேலைக்குப் போய் மூன்றாண்டு கழிந்த பின்னும் தலைமையாசிரியர் தவறவிட்ட பிழையைக் கண்டுபிடிக்கும் பெண் ஒருத்தி நம் காலனியில் இருக்கிறாள். அவளைப் போன்று, தம்பி தங்கையர் படிக்கத் தாம் நின்றுவிட்ட பெண்கள், நான் வீடுவீடாகச் சென்று விசாரித்த அளவில், நம் காலனியில் மட்டும் ஒன்பது பேர். எல்லாரும் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி பெற்றவர்கள். தனித்தேர்வராக மேல்நிலைத் தேர்வு எழுத இவர்களுக்கு வழி இருக்கிறது. வேண்டியவை தேர்வுக் கட்டணம், புத்தகம், ஞாயிறு தோறும் பாடம் சொல்ல நான்கு ஆசிரியர்கள், அன்றைய கூலியை இழக்காதபடி ஏதேனும் ஓர் ஈடு. விழாக் குழுவின் வரவுசெலவுத் திட்டத்தைப் பார்த்தேன். பொன்னாடைக்கும் கேடயத்திற்கும் ஒதுக்கிய தொகை இதற்குப் போதும். எனக்கென்று வாங்கிய பொன்னாடையும் அதில் அடக்கம். கடையில் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று பொருளாளர் விசாரிக்கலாம்.

மற்றொன்று. பிள்ளைகளை மேடையில் வரிசையாக நிறுத்தி நன்கொடையாளர்களுக்கு நன்றி சொல்ல வைக்கும் வழக்கத்தை இந்த ஆண்டோடு நிறுத்திவிட வேண்டும். இவ்வழக்கத்தைத் தொடங்கியவன் நான்; நிறுத்தச் சொல்லும் உரிமையும் எனக்கு உண்டு என்று கருதுகிறேன். புகைப்படம் இல்லையென்றால் நன்கொடை குறையும் என்று செயலாளர் அவர்கள் நேற்று என்னிடம் சொன்னார்கள். அவர்கள் கவலை நியாயமானதே. கூடத்து மின்கட்டணத்தை ஒவ்வொரு மாதமும் திரட்டுகிறவர் அவர்தாம், நான் அல்லன். குறையத்தான் செய்யும். நன்கொடையாளர்களுக்கு ரசீதும், எழுத்தில் நன்றியும் சங்கம் அனுப்பட்டும். அது சங்கத்தின் கடமை. பிள்ளைகளின் கடமை அன்று. நம் தந்தையர் கக்கத்திலிருந்து எடுத்து எறிந்த துண்டை நம் பிள்ளைகளின் கக்கத்தில் நாமே கொண்டுபோய் இடுக்கலாமா?

இளைஞர்கள் என்னிடம் ஒன்று கேட்கலாம். ‘தமக்கைகளின் தியாகத்தைப் புகழ்கிறீர்களே, அதுவே அடுத்த தமக்கையையும் ஆலைக்கு அனுப்பாதா?’ என்று. சரியான கேள்வி. 2012-ஆம் ஆண்டு ஆசிரியர் தினத்தன்று, செப்டம்பர் 5-இல், முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் முப்பத்தைந்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அன்று எங்கள் பள்ளியில் பிள்ளைகள் எனக்கு ரோசாப்பூக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். செய்தி வந்ததும், உறவினர் அங்கே வேலைக்குப் போயிருப்பதாக அழுத பிள்ளைகளை வீட்டிற்கு அனுப்பினோம். மேசைமேல் கிடந்த பூக்களை என்ன செய்வதென்று தெரியவில்லை. அந்த நாளைக் கண்டவன் தியாகத்தைப் புகழ மாட்டான். என் தமக்கையை யாரும் கேட்டு அனுப்பவில்லை. அவர் விரும்பிக் கொடுத்ததும் அல்ல, அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளப்பட்டது. எடுத்துக்கொண்டவர்களில் நானும் ஒருவன். அதனால்தான் பாராட்டு விழா வேண்டாம், தேர்வுக் கட்டணம் வேண்டும் என்கின்றேன்.

என் தமக்கை இப்போது எழுத்துக்கூட்டிப் படிக்கிறார். சனிக்கிழமை தோறும் செல்கிறேன். நான் செல்லாத நாளில் மூன்றாம் வகுப்புப் படிக்கும் அவர் பேத்தி பாடம் எடுக்கிறாள். அவள் என்னைவிடக் கண்டிப்பானவள், பிழை விட்டால் பத்து முறை எழுதச் சொல்கிறாள். சென்ற வாரம் நான் ஒரு கடிதம் எழுதி, நேரில் கொடுக்காமல், அஞ்சலில் சேர்த்தேன். இரண்டு பக்கம். முதல் பக்கத்தில் பாதி வரை படித்திருப்பதாகப் பேத்தி தொலைபேசியில் சொன்னாள். மீதியை யாரும் படித்துக் காட்டக்கூடாது என்று பாட்டி சொல்லிவிட்டாராம்.